வாசலுக்கு வெளியே நின்ற மேஜர்

அவைக்கு அழகு சேர்க்க அமர்ந்திருக்கும் எங்கள் பங்குச் சாமி அவர்களே! ஊரின் வாய்க்காலுக்கும் வழக்குக்கும் வந்து நிற்கும் ஊராட்சித் தலைவர் பஞ்சநதம் அவர்களே! பந்தலுக்கு மூங்கிலைக் கொடுத்ததோடு நில்லாமல் பக்கத்தில் வந்தும் உட்கார்ந்திருக்கும் அப்துல் வஹாப் பாய் அவர்களே! பிறந்த குழந்தைக்கும் இறந்த பெரியவருக்கும் ஒரே பரிவோடு மணியடித்துவரும் உபதேசியார் இருதயசாமி அவர்களே! நாற்று முடியைச் சுமந்த தலையில் நரையையும் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஈஸ்டர் லீவுக்கு வந்து, செல்போனை உயர உயரத் தூக்கி சிக்னல் தேடிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! இத்தனை பேருக்கும் மேலாக, முதல் வரிசையில், மூலை நாற்காலியில், முந்தானையால் முகத்தை மூடி அமர்ந்திருக்கும் எங்கள் மேஜரின் மனைவி அனிட்டா அம்மா அவர்களே! அவர் தோளைத் தாங்கி அமர்ந்திருக்கும் மகன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரெஜின் அவர்களே! உங்கள் அனைவருக்கும் மரியாயின் சேனைத் தலைவி விண்ணரசியின் தோத்திரம்.

மைக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்க தம்பி. நான் மேஜர் உயரம் இல்லை.

சவேரியார்புரத்துச் சனங்களே! மேஜர் ரெமிஜியஸ் நம்மை விட்டுப் போய் இன்று முப்பதாம் நாள். பூசை முடிந்தது, பூவும் சாத்தியாகிவிட்டது. இனி ஆளுக்கு ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டு, சுண்டலையும் காபியையும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போகலாம்தான். ஆனால் எனக்கு நாக்கு வரவில்லையே! புகழலாம் என்று வாயைத் திறந்தால் திகைப்புத்தான் முன்னால் வந்து நிற்கிறது. முப்பது நாளாகச் சோற்றில் கை வைத்தால் கை நிற்கிறது. கண்ணை மூடினால் அந்த இரண்டு கால்கள் தெரிகின்றன.

என்ன கால்கள் என்று தம்பிமார்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். சொல்லத்தான் ஏறியிருக்கிறேன். பத்துப் புத்தகம் படித்துவிட்டு ஏறியவள் இல்லை. ஐந்தாவதோடு நின்றவள். என் பேத்தி ஜாய்ஸ் பெங்களூரில் இங்கிலீஷிலேயே சண்டை போட்டு ஜெயிக்கிறாள், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் இன்று நான் பேசப் போவதை அவள் எழுதித் தரவில்லை. யாரும் எழுதித் தர முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறு குருத்தோலைத் திருநாள். அதற்கு இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, அனிட்டா அம்மா மகனோடு அமெரிக்காவுக்குப் பறக்கிறார். மகன் கூப்பிடுகிறார், தாய் போகிறார், அதில் தவறென்ன? தவறு அதில் இல்லை. முந்தாநாள் நான் அவர் வீட்டுக்குப் போய், "ஏம்மா, ஒரேடியாவா போறீங்க?" என்று கேட்டேன். பெட்டியை மூடிக்கொண்டே அவர் ஒரு பதில் சொன்னார்.

"இந்த ஊரு அவரை வாசலுக்கு வெளியவே நிறுத்திடுச்சு விண்ணரசி. அவரே போயிட்டாரு. இனிமே நான் மட்டும் உள்ள வந்து என்ன செய்யப் போறேன்?"

கேட்டீர்களா? அந்தச் சொல்லோடு அவர் விமானம் ஏறலாமா? ஏற விடலாமா? அதற்காகத்தான், அய்யா, அது ஒன்றுக்காகத்தான் இந்தக் கிழவி மேடையேறியிருக்கிறாள்.

மேஜர் யார்? இளையவர்களுக்காகச் சொல்கிறேன். குத்தாலத்துக்குக் கிழக்கே, இதே வாய்க்காலில் நீந்தி, இதே பள்ளியில் படித்து, பட்டாளத்துக்குப் போய், படிப்படியாக ஏறி, எழுபத்தோராம் வருஷச் சண்டையில் வடக்கே மலைமேல் நின்ற வீரர். ஓய்வு வாங்கிக்கொண்டு மனைவி பிள்ளையோடு ஊருக்கே திரும்பி வந்தார். டெல்லியில் இருந்திருக்கலாம், சென்னையில் இருந்திருக்கலாம். சேற்றையும் நாற்றையும் தேடி இங்கே வந்தார். வந்தவரை நாம் எப்படி வரவேற்றோம்?

அவர் பூட்ஸைப் பார்த்தோம்!

முகத்தைப் பார்த்தோமா? இல்லை. மனசைப் பார்த்தோமா? இல்லை. பூட்ஸைப் பார்த்தோம். மேஜர் எங்கே போனாலும் பூட்ஸ். வரப்பிலும் பூட்ஸ், வாய்க்காலிலும் பூட்ஸ், பால் வாங்கப் போனாலும் பூட்ஸ். 'டக், டக்' என்று குதிகாலைக் குத்திக் குத்தி, நிமிர்ந்த முதுகோடு நடப்பார். 'பூட்ஸ் துரை வர்றாரு' என்றோம். அந்த நடையை மிடுக்கு என்றோம், திமிர் என்றோம்.

நம் வழக்கம் என்ன? கோயிலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. மேஜர் என்ன செய்தார்? ஞாயிறு தவறாமல் வந்தார். வந்து வாசலுக்கு வெளியே, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில், மழையானாலும் வெயிலானாலும் நின்றபடியே முழுப் பூசையும் கண்டார். நற்கருணை கொடுக்க அந்தக் காலத்துச் சாமியார் படியிறங்கிப் போவார். நாம் உள்ளே உட்கார்ந்துகொண்டு முழங்கையால் இடித்துக்கொண்டோம். "பாரு, சாமியாரையே எறங்கி வரச் சொல்றாரு!"

களத்தில் நம் வழக்கம் என்ன? நெல் கிடக்கும் இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் துலுக்கரானாலும் இந்த மண்ணில் அது ஒரே சட்டம். மேஜர் தன் சொந்த நெல் தூற்றும்போதும் களத்தில் ஏறியதில்லை. ஓரத்துப் பனைமரத்தடியில் நிற்பார். அவர் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்த பக்கிரிதான் எல்லாம். அதோ, பந்தல் கால் ஓரத்தில் நிற்கிறாரே, அதே பக்கிரி. நாம் என்ன பேசினோம்? "தூசி படாம வெளச்சல் பாக்குறாரு தொரை!" பூட்ஸோடு நெல்லை மிதிக்க மனமில்லாமல்தான் மனிதர் வெளியே நின்றார் என்று ஒருவருக்காவது தோன்றியதா? என் இனத்தாரே, என் சனத்தாரே, ஒரே ஒருவருக்காவது?

இனி, குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்து வரும் பெரிய வியாழன். அன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களை முக்காலியில் உட்கார வைத்து, மண்டியிட்டுப் பாதம் கழுவித் துடைப்பார். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்யும் சடங்கு. அந்தப் பன்னிரண்டில் ஒருவராக உட்காருவதற்கு நம் ஊரில் எத்தனை பேர் எத்தனை வருஷம் காத்திருப்பார்கள்! மேஜரை உபதேசியார் வீடு தேடிப்போய்க் கூப்பிட்டார். ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டார். எதிர்வீட்டு வாசலில் நின்று என் காதாலேயே கேட்டது இது.

"மேஜர் சார், இந்த வருஷம் பன்னெண்டு பேர்ல நீங்களும் ஒருத்தரு. சாமியே சொல்லிட்டாங்க."

"வேற யாரையாச்சும் வச்சுக்குங்க உபதேசியாரே."

"ஏன் சார், எங்ககூட வரிசையில உக்காந்தா தோள்ல இருந்த நட்சத்திரம் உதிர்ந்துடுமா?"

"அதெல்லாம் எப்பவோ பெட்டிக்குள்ள போயிடுச்சு. வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

"காபி வேணாம் சார். வருஷத்துல ஒரு நாள் காலைக் காட்டுங்க, போதும்!"

மேஜர் சிரித்தார். உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி. 'காலைத் தொட விடமாட்டாராம்.' அதற்குப் பிறகு பங்குப் பேரவைக்கு அவர் பெயர் வரவில்லை. திருவிழாவில் கொடி தூக்கக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தோம், பந்தியில் பக்கத்தில் உட்காரவில்லை.

உபதேசியாரே, தலையைக் குனியாதீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. உங்கள் வாய் பேசியது, ஊர்க் காதுகள் எல்லாம் ருசித்துக் கேட்டன.

வெள்ளத்தைச் சொல்லாமல் விடலாமா? தீபாவளி முடிந்த அடைமழை. வாய்க்கால் கரை உடைந்து, பக்கிரி வீட்டுப் பக்கம் தண்ணீர் பாய்ந்தது. ஆளாளுக்குக் கரையில் நின்று கத்தினோம். இறங்கியவர் யார்? மேஜர்! இடுப்பளவு தண்ணீரில் பூட்ஸோடு இறங்கினார்.

"சார், பூட்ஸு ஊறிப்போயிடும், கழட்டிட்டு எறங்குங்க சார்!" என்று பக்கிரி அலறினார்.

"ஊறட்டும் பக்கிரி. நீ மூட்டையைக் குடு."

கரையிலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று சொல்லமாட்டேன், குரலுக்கு உரியவர் இங்கேதான் இருக்கிறார். "தொரை குளிக்கிறப்பவும் பூட்ஸுதான்டா!" எல்லோரும் சிரித்தோம். நம் வீட்டை நோக்கி வரும் வெள்ளத்தை ஒரு மனிதர் மார்பால் மறித்துக்கொண்டிருக்கிறார், நாம் சிரிக்கிறோம்! உடைப்பு அடைபட்டது. பக்கிரி வீடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு மாதம் மேஜர் வெளியே வரவில்லை. 'நம்மோட சேத்துல எறங்குனது அவருக்கு ஒத்துக்கல' என்றோம்.

ஏன் வரவில்லை? கேளுங்கள், இனிமேல்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் அறுப்பு. இப்போது அறுப்பு மிஷின் வந்துவிட்டது, ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிகிறது. மேஜர் அவருடைய பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நின்றவர் மரத்தைப் பிடித்தார், சரிந்தார். பக்கிரி ஓடிப்போய் மடியில் தாங்கினார். அந்த மடியிலேயே முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்க வேண்டும். உள் அறையில் உபதேசியாரும் பக்கிரியும். வாசற்படியில் வெந்நீர்த் தவலையோடு நான். அனிட்டா அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"பூட்ஸைக் கழட்டாதீங்க. அப்படியே வச்சுடுங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்."

உபதேசியார் சொன்னார்: "என்னம்மா இது! சேத்துக் காலோட எப்படிம்மா ஆண்டவர்கிட்ட அனுப்புறது? கழுவ வேணாமா?"

கழற்றினார்கள்.

என்ன இது, இரண்டு ஆண்பிள்ளைகள் சிலையாக நிற்கிறார்களே என்று நான் எட்டிப் பார்த்தேன். தவலை என் கையை விட்டு விழுந்தது. வெந்நீர் என் பாதத்தில் கொட்டியது. சுடவில்லை. அய்யா, எனக்குச் சுடவில்லை!

விரல்கள் இல்லை. வலது காலில் ஒரு விரல்கூட இல்லை. இடது காலில் விரலும் இல்லை, முன்பாதமும் இல்லை. குதிகாலோடு மடங்கி நின்ற ஒரு சதை மொட்டு. பூட்ஸின் முனைக்குள் துணியும் பஞ்சும் அடைத்து வைத்திருந்தது. அந்தப் பஞ்சை மிதித்துத்தான், அந்தப் பஞ்சை நம்பித்தான், என் சனங்களே, இருபது வருஷத்துக்கும் மேலாக நம் வழுக்கு வரப்பில் அந்த மனிதர் நடந்தார்! திமிர் என்று நாம் சொன்ன நடை, விழாமல் நிற்பதற்குப் பட்ட பாடு!

உபதேசியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "காலைக் காட்டுங்கன்னு கேட்டேனே... காலைக் காட்டுங்கன்னு கேட்டேனே..." இதையே சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அனிட்டா அம்மா சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன். அம்மா, ஒரு வார்த்தை தவறினாலும் திருத்துங்கள்.

"எழுபத்தொண்ணு சண்டையில மலை மேல ஒரு காவல்சாவடியில இருந்தாங்க. பனி இடுப்பு மட்டும். ஒரு சின்ன சிப்பாய்க்குத் தொடையில குண்டு. அவன் பூட்ஸும் கிழிஞ்சு பனி உள்ள எறங்கிடுச்சு. இவரு தன்னோட பூட்ஸைக் கழட்டி அவனுக்கு மாட்டி விட்டுட்டாரு. கம்பளியைக் கிழிச்சுத் தன் காலுல சுத்திக்கிட்டு, அவனைத் தோள்ல போட்டு எறக்கிக் கொண்டு வந்தாரு. கீழ வந்து கம்பளியைப் பிரிச்சா, விரலெல்லாம் அடுப்புக் கரி மாதிரி. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. அன்னிக்கு வெள்ளத்துல எறங்கினாருல்ல, அதுக்கப்புறம் ஒரு மாசம் அந்தப் புண்ணு ஆறலை."

"அந்தப் பையன்?" என்று பக்கிரி கேட்டார்.

"நல்லா இருக்கான். ரெண்டு காலோட இருக்கான். மயக்கத்துல இருந்ததால யாரு பூட்ஸுன்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. இவரு சொல்ல விடலை."

பூட்ஸையே கழற்றாத மனிதர் என்றோமே! அவர் கழற்றினார், அய்யா! வாழ்நாளில் ஒரே ஒரு முறை கழற்றினார்! கோயில் வாசலில் நாம் கழற்றுகிறோம், திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறோம். களத்து மேட்டில் கழற்றுகிறோம், இறங்கி வந்து மாட்டிக்கொள்கிறோம். கல்லும் உறையும் பனியில், காப்பாற்ற யாருமில்லாத மலையில், திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தே கழற்றியவர் ஒருவர்தான்! அந்தக் கால்களை வெளியே நிறுத்திய கோயிலுக்குள்ளேதான் நாம் சுத்தமான பாதங்களோடு உட்கார்ந்திருந்தோம்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடமில்லை.

நான் அனிட்டா அம்மாவைக் கேட்டேன்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரே தலையில வச்சுத் தாங்கியிருக்குமே, ஏம்மா சொல்லலை?" அதற்கு அவர் சொன்னார்: "நானும் கேட்டேன் விண்ணரசி. ஒரு வியாழக்கிழமையாச்சும் போயி உக்காருங்களேன்னு கெஞ்சினேன். அதுக்கு அவரு, 'அன்னிக்கு ஜனங்க சாமியாரு குனியுறதத்தான் பாக்கணும் அனிட்டா, என் காலைப் பாக்கக் கூடாது'ன்னுட்டாரு."

எப்படி இருக்கிறது? அவமானம் என்று மறைக்கவில்லை. அனுதாபம் வேண்டாம் என்றுகூட மறைக்கவில்லை. ஆண்டவருக்குச் சேர வேண்டிய பார்வையைத் தன் காலுக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது என்று மறைத்தார்! இப்படி ஒரு மனிதர் எதிர்வீட்டில் இருந்தார். காலையில் எழுந்தால் அவர் முகத்தில்தான் நான் விழித்தேன்.

வெளிநாட்டுத் தம்பிகள் சிலை வைக்கலாம் என்கிறார்கள். கையில் துப்பாக்கியோடு முச்சந்தியில் வைக்கலாமாம். நல்ல மனசுதான். ஆனால் தம்பிகளே, வாழ்ந்த காலமெல்லாம் வெளியே நிறுத்தியவரைச் செத்த பிறகும் வெளியேதானா நிறுத்துவது? முச்சந்தியில் வெயிலிலும் மழையிலுமா? போதும் அய்யா, அவர் நின்றது போதும். உட்கார வைப்போம்!

எங்கே உட்கார வைப்பது? இதோ கேட்கிறேன். பெரிய வியாழன் அன்று பதினோரு ஆண்கள் முக்காலியில் உட்காரட்டும். பன்னிரண்டாவது முக்காலியில் மேஜரின் அந்தப் பூட்ஸை வைப்போம். வாசலுக்கு வெளியே இல்லை, உள்ளே! பலிபீடத்துக்கு முன்னால்! பதினோரு பேர் பாதத்தைச் சாமி கழுவட்டும். அந்தப் பூட்ஸை ஊர் கழுவட்டும். உபதேசியார் தண்ணீர் ஊற்றட்டும், பக்கிரி துண்டு பிடிக்கட்டும். கால்களை நாம் காட்டப் போவதில்லை, அவர் மறைத்தது மறைந்தபடியே இருக்கட்டும். ஆனால் உள்ளே வரட்டும்!

சாமி, பூட்ஸைக் கோயிலுக்குள் கொண்டுவர வழக்கம் இடம் கொடுக்குமா என்று எனக்குத் தெரியாது. தப்பென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.

என்ன சாமி? கொஞ்சம் சத்தமாக... "நானே எடுத்துட்டு வர்றேன்" என்கிறார்! கேட்டீர்களா சனங்களே, சாமியே எடுத்து வருகிறாராம்!

உபதேசியாரே, சம்மதமா? எழுந்து நின்றுவிட்டார். பக்கிரி? "நான் உங்க கோயிலுக்குள்ள வரலாமுங்களா?" என்று கேட்கிறார். அட மகராசா, அவரை மடியில் தாங்கியவர் நீங்கள். நீங்கள் வராமல் வேறு யார் வருவது?

இனி அனிட்டா அம்மா. உங்களைத்தான் அம்மா. ஊரை விட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்த உரிமையை நாங்கள் எப்போதோ இழந்துவிட்டோம். கேட்பது மூன்றே நாள். செவ்வாய்க்கிழமைப் பயணத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள். வியாழக்கிழமை ஒரு நாள், உங்கள் புருஷன் உள்ளே உட்கார்ந்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு போவதா இருப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தம்பி ரெஜின், டிக்கெட்டை மாற்ற முடியுமா? முடியும் என்று தலையசைக்கிறார். ஆனால் அம்மாவைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.

அம்மா?

முகத்திலிருந்து முந்தானையை எடுத்துவிட்டார். எழுந்திருக்கிறார். தம்பி, அந்தச் சின்ன மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாமாம். நான் கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அமைதி.

"வெள்ளிக்கிழமையே போறேன் விண்ணரசி. அன்னிக்கு சாஞ்சு விழுந்தாருல்ல, அந்தச் சேறு பூட்ஸுல அப்படியே காஞ்சு கெடக்கு. வியாழக்கிழமைக்குள்ள தொடைச்சு, பாலிஷ் போட்டுக் குடுத்துடுறேன்."

என் தாயே! இதைக் கேட்கவா இத்தனை நேரம் கத்தினேன்! வந்தவர்களுக்கும் வாய் திறக்க விட்டவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோர் காதுக்கும் இந்தக் கிழவி கையெடுத்துக் கும்பிடுகிறாள். வியாழக்கிழமை கோயிலில் பார்ப்போம், எல்லோரும் வாருங்கள்.

அனிட்டா அம்மா, உங்களிடம் மட்டும் ஒன்று. துடைக்காதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். அந்தச் சேற்றோடேயே கொடுங்கள். அது எங்கள் ஊர்ச் சேறு. அதை நாங்கள்தான் கழுவ வேண்டும்.